ஈர இலைக்கு எவ்வளவு கழிப்பது: கோத்தகிரியில் கதை எழுதுவது குறித்து

கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள் என்பதுதான். சம்பளத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சம்பளமும் முக்கியம்தான், சிறுகதை எழுதி வீட்டு வாடகை கொடுத்த ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வேலை நடக்கிற இடத்தில்தான் மனிதர்கள் தங்களுக்கு ஆகவேண்டியதைக் கேட்கிறார்கள், மழுப்புகிறார்கள், மறுக்கிறார்கள், விட்டுக்கொடுக்கிறார்கள். எழுதுகிறவருக்கு வேண்டியது அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சொந்தத் தோட்டம் இல்லாத தொழிற்சாலை. சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடமிருந்து பசுந்தேயிலையை வாங்கித் தூளாக்குகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ இலை வேண்டும். மிச்சமெல்லாம் தண்ணீர், ஆவியாகப் போய்விடும். எங்கள் ஊர்ச் சண்டைகளில் பாதிக்கு இந்தத் தண்ணீர்தான் காரணம்.

மழை நாளில் இலை நனைந்து வரும், எடை கூடும். அதனால் எடை போடுகிறவர் மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார். எவ்வளவு கழிப்பது என்பதைத் தராசு சொல்லாது. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்து, கொண்டுவந்தவரின் முகத்தையும் பார்த்துவிட்டு அவர் சொல்வதுதான். ஐப்பசி மாதச் சாயங்காலம் ஒன்றில் ஓர் அம்மாள் மூட்டையோடு வந்தார். தான் போர்த்திக்கொள்ள வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை மூட்டைக்குச் சுற்றியிருந்தார். ஸ்வெட்டர் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எடை போடுகிறவர் வழக்கம்போலக் கழித்தார். அம்மாள் சத்தம் போடவில்லை. "நான்தானே தம்பி நனைந்திருக்கிறேன், இலை எங்கே நனைந்தது?" என்று மட்டும் கேட்டார். எடை போடுகிறவர் எடைச் சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதே பேனாவின் மூடியால் காதைக் குடைந்துகொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர், "நேரமாகிறது அக்கா" என்றார்.

இதை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தபோது, யார் பக்கம் நிற்பது என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. அம்மாளின் பக்கம் நின்றால் இரக்கம் மட்டும் மிஞ்சும். படிக்கிறவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். எடை போடுகிறவரைக் கெட்டவராக்கினால் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதியது போலாகிவிடும். அவரும் சம்பளக்காரர்தான், கழிக்காவிட்டால் மேலே பதில் சொல்லவேண்டும். நான் பிடித்துக்கொண்டது, "நேரமாகிறது அக்கா" என்றவரை. அவருடைய மூட்டையும் நனைந்திருந்தது. அம்மாளுக்காக ஒரு வார்த்தை பேசினால் தன் மூட்டைக்கு என்ன ஆகும் என்ற கணக்கு அவருக்குள் ஓடியிருக்கும் அல்லவா? கதை அந்தக் கணக்கில் இருந்தது. ஒரு சம்பவம் கையில் கிடைத்தால், அதில் அதிகம் பேசியவரையும் அதிகம் அழுதவரையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் நின்றவருக்கு அதில் என்ன லாப நஷ்டம் என்று பாருங்கள். பெரும்பாலும் கதைசொல்லி அவர்தான்.

எந்தத் தொழிலைக் கதைக்குள் கொண்டுவந்தாலும் நான் விசாரித்துக்கொள்வது இவ்வளவுதான்: அளப்பது யார், கழிப்பது யார், காசு கைக்கு எப்போது வரும். இங்கே இலையைக் கொடுக்கிற நாளில் அதன் விலை விவசாயிக்குத் தெரியாது. ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்துப் பசுந்தேயிலைக்கான குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும். அதற்குள் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருக்கும். இலையை வாங்கிச் சேர்க்கிற ஏஜென்டிடம் விவசாயி முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கிய பிறகு இலையை வேறொருவருக்குக் கொடுக்கமுடியாது. ஒரு நாவலுக்கு வேண்டிய முடிச்சு இதில் விழுந்துவிடுகிறது, யாரும் யாரையும் ஏமாற்றவேண்டிய அவசியம்கூட இல்லை. உங்கள் ஊரில் அது நகைப்பட்டறையாக இருக்கலாம், ஜவுளிக் கடையாக இருக்கலாம், ரேஷன் கடை வரிசையாகவும் இருக்கலாம்.

குறிப்பு எடுப்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஆட்களின் எதிரில் எழுதமாட்டேன். எழுதுகிறோம் என்று தெரிந்தால் பேச்சு உடனே சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்காரும். அவர்கள் போன பிறகு, பயன்படாத சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பொருள், ஓர் எண், ஒரு வரிப் பேச்சு, அவ்வளவுதான் குறித்துக்கொள்வேன். உணர்ச்சியைக் குறிப்பதில்லை. 'பாவமாக இருந்தது' என்று எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து அதில் ஒன்றும் இருக்காது. 'ஸ்வெட்டர் கை சொட்டியது' என்று இருந்தால் அந்தச் சாயங்காலம் முழுவதும் திரும்ப வரும். இன்னொன்று: சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஊரை மாற்று, வயதை மாற்று, இரண்டு பேரை ஒருவராக்கு, அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய அடையாளத்தை எடுத்துவிடு. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் அவர்களோடு போகவேண்டும்.

இனி மூடுபனி. நீலகிரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஏன்தான் இவ்வளவு செலவழிக்கிறார்களோ தெரியவில்லை. முதல் பாராவிலேயே பனி சூழ்ந்துகொள்ளும், அதற்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து வருவாள். எனக்கு இதில் வைத்திருக்கும் விதி எளிது. இரண்டாம் வரைவில் வானிலை பற்றிய வாக்கியங்கள் எல்லாவற்றையும் அடித்துவிடுவேன். அந்த வானிலையால் யாராவது எதையாவது செய்கிறார்களா, செய்யமுடியாமல் போகிறதா என்று பார்ப்பேன். தீக்குச்சி பற்றவில்லை, பள்ளிச் சீருடை மூன்று நாளாகக் காயவில்லை, எதிரே வருகிற லாரி தெரியவில்லை என்றால் அந்த வாக்கியம் திரும்ப உள்ளே வரும். மற்றவை வராது.

வானிலையை எழுதத்தான் போகிறீர்கள் என்றால் சரியாக எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடங்கிக் கூடலூர், பந்தலூர், தேவாலாப் பக்கம் வெளுத்து வாங்கும். கிழக்குச் சரிவில் இருக்கிற கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர், நவம்பர். 2009 நவம்பரில் இந்தப் பக்கத்து நிலச்சரிவுகளில் பலர் இறந்தது அந்த மழையில். உறைபனி என்றால் மலை உச்சியில்தான் விழும் என்று நினைக்கிறார்கள். அது தங்குவது பள்ளத்தில். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். உதகையில் காந்தல், தலைகுந்தா போன்ற இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது அதனால்தான். அதுவும் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிற, காற்றில்லாத இரவில்தான். மேகம் மூடினால் தரையின் சூடு வெளியே போகாது, உறைபனி வராது. ஆகவே நட்சத்திரம் தெரியாத இரவில் தேயிலைச் செடி கருகியது என்று எழுதினால் எங்கள் ஊர் விவசாயி புத்தகத்தை மூடிவிடுவார்.

பழைய காலத்துக் கதை எழுதுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ஓடத் தொடங்கியது. உதகைக்கு 1908இல்தான் போனது. 1903இல் உங்கள் கதாபாத்திரம் உதகை ஸ்டேஷனில் இறங்கமுடியாது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பல்சக்கரத் தண்டவாளம். ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். 'முன்னால் இன்ஜின் புகைவிட்டபடி இழுத்தது' என்ற வரி பார்த்தவுடன் எழுதியவர் மலையேறவே இல்லை என்று தெரிந்துவிடும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இலும் 2018இலும் பூத்தது. காதலர்கள் வருடா வருடம் அதைப் பறிப்பது நடக்காது. குறிஞ்சியில் வேறு வகைகளும் உண்டு, அவற்றின் கணக்கு வேறு. அதையாவது கதையில் சொல்லிவிட்டுப் பறிக்கச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் தவறைத் தடுப்பதற்கு. கதைக்கு உண்மையில் உதவுவது வேறு மாதிரியான தகவல். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் பருப்பு சீக்கிரம் வேகாது. சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண், குக்கர் இல்லாத வீட்டில், முதல் வாரம் மாமியார் எதிரில் அடுப்படியில் நிற்கிறாள். குளிரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட அந்தப் பருப்பு அதிகம் பேசும். இப்படிப்பட்டவற்றுக்காக மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: எந்த மாதம் கொழுந்து அதிகம், எப்போது கேரட் விலை விழுகிறது, இந்த மலைச் சமூகமான படுகர்களின் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை எப்போது, பள்ளிக்கூடம் மழைக்கு எப்போது லீவு விடுகிறார்கள். கதையில் ஒரு மாதத்தைச் சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்.

உரையாடல் இன்னொரு தலைவலி. கோத்தகிரி கடைவீதியில் ஒரே ஆள் வீட்டுக்குப் போனில் படுகர்களின் மொழியான படுகு பேசுவார், கடைக்காரரிடம் தமிழ், கூடலூர் லாரிக்காரரிடம் மலையாளம். இதோடு, 1964இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களின் தமிழ். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, பின்னால் அது அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஆனது. இந்தப் பேச்சு வகைகளை எல்லாம் எழுத்துக்கு எழுத்து உச்சரிப்பு மாற்றி எழுதிக்காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. படிக்கிறவர் தடுக்கி விழுவார், பேசுகிறவரைக் கேலி செய்தது போலவும் ஆகிவிடும். யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார், எப்போது மாறுகிறார் என்று மட்டும் காட்டினால் போதும். அண்ணன் தம்பி இருவர் சொத்துப் பேச்சைப் படுகில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று தம்பி தமிழுக்கு மாறுகிறார். வாசலில் மூன்றாவது ஆள் வந்து நிற்கிறார், அல்லது உறவு முறிந்துவிட்டது. இரண்டில் எது என்று நீங்கள் சொல்லவேண்டியதில்லை. எஸ்டேட்டில் மேனேஜரை இன்னும் 'துரை' என்கிற கிழவரும், 'சார்' என்கிற அவர் மகனும் ஒரே அறையில் நின்றால் அதிலும் ஒரு பாதிக் கதை இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் ஆகிய பழங்குடியினரை ஒரு சடங்குக்காகவும் ஒரு மூலிகைக்காகவும் கதைக்குள் இழுத்துவந்து நிறுத்துகிறவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. அந்த ஊரில் உங்களுக்கு டீ கொடுத்து உட்காரவைக்க ஒருவராவது இருந்தால் எழுதுங்கள்.

எப்போது எழுதுவது? தினமும் இத்தனை வார்த்தை என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து குவியும். தொழிற்சாலை இரவும் ஓடும். வீட்டுக்கு வந்தால் எண்கள்தான் கண்ணில் ஆடும். அந்த மாதங்களில் குறிப்பு மட்டும் எடுப்பேன், பழைய கதையைத் திருத்துவேன், புதிதாக எதையும் தொடங்கமாட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை இலை வரத்து குறையும். முதல் வரைவுகள் எல்லாம் அப்போதுதான். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும். ஆசிரியருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் மாதம், துணிக்கடைக்காரருக்குத் தீபாவளி. அதோடு மல்லுக்கட்டுவதைவிட வருடத்தைப் பங்குபோட்டுக்கொள்வது நிம்மதி. நாள் கணக்கில் பார்த்தால் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து வீடு எழுந்திருக்கும்வரை. மேசையை விட்டு எழுந்திருக்கும்முன் 'நாளை: அவர் ஏன் சீட்டை வாங்க மறுக்கிறார்?' என்பது போல ஒரு கேள்வியை எழுதிவைத்துவிட்டுப் போவேன். மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்து விழிக்கவேண்டியதில்லை. முடித்த வரைவை ஒரு பருவம் கண்ணில் படாமல் வைத்துவிடுவேன். (தேயிலையை வாடவிடுவதோடு இதை ஒப்பிட்டு ஒரு வரி எழுதக் கை துடிக்கிறது. வேண்டாம்.)

காலை நடை கற்பனைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே இருட்டு பிரியும்முன் நடந்தால் தேயிலைக்குள் கரடியோ காட்டெருமையோ நிற்கும். வெயில் வந்த பிறகு நடங்கள்.

உடம்பையும் தாளையும் பற்றிச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் இங்கே காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும், மைப்பேனா எழுத்து கசியும், நோட்டு அட்டையில் பூஞ்சை பூக்கும். பால்பாயின்ட் பேனாவால் எழுதி, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன். நோட்டுகள் இறுக மூடும் தகரப் பெட்டியில். தை மாத வெயிலில் ஒரு நாள் வெளியே எடுத்துக் காயவைப்பேன். தட்டச்சு செய்வதானால் மரம் விழுந்து மின்சாரம் போவதற்குமுன் சேமித்துவிடுங்கள், ஆடிக் காற்றில் அது எப்போது என்று சொல்லமுடியாது. விரல் நுனி தெரிகிற கம்பளிக் கையுறை, மடியில் வெந்நீர்ப் பை, இவை போதும். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இந்த மலையிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் தொடர்ந்து டீ குடிப்பதும் எழுத்தாளருக்கு அழகல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

முதல் வாசகராக இன்னொரு எழுத்தாளரைப் பிடிக்காதீர்கள். நான் எங்கள் லாரி டிரைவருக்குப் படித்துக்காட்டுகிறேன். நடை, படிமம் எதைப் பற்றியும் அவர் பேசமாட்டார். "அந்த வளைவில் மூன்றாவது கியரில் யாரும் ஏறமாட்டார்களே" என்பார், அல்லது நடுவில் போனை எடுத்துப் பார்ப்பார். அவர் போனை எடுத்த இடத்தில் தாளின் ஓரம் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். வாய்விட்டுப் படிக்கும்போது நானே தாவிப் போக நினைக்கிற பாரா எது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டால் கதைக்கு ஒன்றும் ஆகாது.

அனுப்புவதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, மின்னஞ்சலில் இரண்டு வரி, கதையின் கருத்தை விளக்கும் முன்னுரை வேண்டாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். சிற்றிதழ்களில் பெரும்பாலும் பணம் வராது, தெரிந்தே அனுப்புங்கள். போட்டிக்கு அனுப்புவதானால் விதிமுறைகளைக் கடைசி வரிவரை படியுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கதையின் உரிமை தங்களுக்கே என்று சிலர் போட்டிருப்பார்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கிறது. பேரப்பிள்ளைக்குப் போகவேண்டியதை ஒரு கேடயத்துக்காக எழுதிக்கொடுக்கவேண்டாம்.

எழுதுவதற்கென்றே இங்கே வந்து சில நாள் தங்க நினைக்கிறவர்கள் அடிக்கடி யோசனை கேட்கிறார்கள். புதிய கதையைத் தொடங்க வராதீர்கள். வந்த முதல் இரண்டு நாள் ஜன்னலைப் பார்ப்பதிலேயே போய்விடும். பாதியில் நிற்பதை முடிக்க வாருங்கள். ஏப்ரல், மே வேண்டாம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. பிப்ரவரி நல்லது: மழை இல்லை, வாடகை குறைவு, வெயிலில் உட்கார்ந்து எழுதலாம். உதகையைவிடக் கோத்தகிரியில் குளிர் சற்றுக் குறைவு. 2024 மே மாதத்திலிருந்து காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்கவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை. பஸ்ஸிலேயே வாருங்கள், கீழே காய்கறி இறக்கிவிட்டுக் காலிச் சாக்கோடு ஏறுகிறவர்கள் பின் சீட்டில்தான் உட்காருவார்கள்.